சிக்கன சபையின் ஒரே மாணவன்

ரப்பர் விலை தரைதட்டிக் கிடந்த 1931ஆம் வருஷத்தில் இலங்கையின் புளத்கொகுபிட்டியவில் எல்லாமே சுருங்கிக்கொண்டு வந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். கடைக்காரர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களில் இரண்டு வேளை எரிந்த அடுப்பு ஒரு வேளை எரிந்தது. அந்தப் பஞ்சத்திலும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வந்தது சப்ரகமுவ உயர்கல்வி உபகார சபை ஒன்றுதான்.

சபையின் தலைவர் ஸஹாப்தீன் ஹாஜியார். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு அரிசி கொடுக்கும் காண்ட்ராக்டர். காரியதரிசி இராமசாமி, ஊருக்கு மேலேயுள்ள பெரிய தோட்டத்தின் பெரிய கிளாக்கர். பொருளாளர் அதே தோட்டத்துப் பெரிய கங்காணி நல்லையா. அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போஷகர். இத்தனை பெரிய மனிதர்கள் கூடி உபகாரம் செய்வதற்கு மாணவன் ஒருவனாவது வேண்டுமல்லவா? அதற்காக முஹ்ஸின் இருந்தான்.

முஹ்ஸின் பக்கத்து ஊரான கரவனெல்லக்காரன். கொழும்பில் படித்து பி.எஸ்ஸி. தேறியவன். அதற்கு மேல் லண்டன் எம்.எஸ்ஸி. பட்டத்துக்காக, ரப்பர்க் கொழுந்தில் மாவு பூத்ததுபோல் படியும் வெள்ளை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவன் வாப்பாவின் துணிக்கடை விலைவீழ்ச்சியோடு சேர்ந்து விழுந்துவிட்டது. நோயுள்ள மரங்கள் புளத்கொகுபிட்டிய மலைகளில் தாராளமாக இருந்தன. மாதம் முப்பது ரூபாய் தருவதாகச் சபையும் சொன்னது. கல்லூரியில் இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்து இறங்கினான்.

ஏழை மாணவனுக்குப் பணத்தை மட்டும் கொடுத்தால் கெட்டுப்போவான், பணத்தோடு சிக்கனத்தையும் கொடுக்க வேண்டும் என்பது சபையின் கொள்கை. நாளடைவில், இரண்டில் ஒன்றைக் கொடுத்தாலே போதுமென்று சபை கண்டுகொண்டது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் அரிசிக் கிட்டங்கி மேல்மாடியில் சபை கூடும். முஹ்ஸின் நின்றுகொண்டு, போன மாதம் தான் எப்படி உயிர் வாழ்ந்தான் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"சவுக்காரம்னு சொன்னீங்களே, அது குளிக்கவா, துணி துவைக்கவா?" என்று முதல் கூட்டத்தில் இராமசாமி கேட்டார்.

"ரெண்டுக்குந்தான் ஐயா."

நல்லையா கங்காணி கடுக்கன் ஆட நிமிர்ந்தார். "ரெண்டுக்கும் ஏன் தம்பி தனித்தனியா கரைக்கணும்? துணியப் போட்டுக்கிட்டே குளிங்க. ஒரே தேய்ப்புல ரெண்டும் முடிஞ்சிரும்ல?"

இத்தனை பெரிய அறிவு ஒரு கங்காணிக்குள் இவ்வளவு நாள் சும்மா கிடந்ததே என்று ஹாஜியார் வியந்தார். உடனே தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தைக் கொண்டாடக் கீழேயிருந்து பிரியாணிச் சட்டி வந்தது, இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தது. முஹ்ஸின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசாரணையில் நிற்கும் மாணவன் விசாரிக்கும் சபையோடு உட்கார்ந்து உண்பது நடுநிலைமைக்குப் பங்கம் என்று விதி இருந்ததாம். சாப்பாட்டின் செலவு 'மாணவர் நலன்' என்ற தலைப்பில் எழுதப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் மண்ணெண்ணெய் அகப்பட்டுக்கொண்டது.

"ராவுல எதுக்கு விளக்கு?" என்றார் ஹாஜியார்.

"படிக்கத்தான் ஹாஜியார். பகல்ல மலையில இலை பொறுக்கணும், மைக்ராஸ்கோப்புல பாக்கணும். ராவுலதான் எழுத ஏலும்."

"நிலா எதுக்கு ஈக்கிது? அல்லாஹ் சும்மாவா தந்தீக்கிறான்?"

இராமசாமி பஞ்சாங்கத்தைப் புரட்டி, மாதத்தில் எந்தெந்த இரவுகளில் எழுதலாம், எவற்றில் வாசிக்க மட்டும் வெளிச்சம் போதும் என்று அங்கேயே வகுத்துக் கொடுத்தார்.

"அமாவாசையில என்ன செய்றது ஐயா?" என்று முஹ்ஸின் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

"அமாவாசையில சிந்திக்கலாம்," என்றார் இராமசாமி.

அன்றும் பிரியாணி.

இப்படியே நாலைந்து மாதம் போயிற்று. செருப்புக்குத் தடை வந்தது, தேநீரில் சீனிக்குத் தடை வந்தது, உம்மாவைப் பார்க்கக் கரவனெல்லைக்கு பஸ்ஸில் போவதற்குத் தடை வந்தது. பாசத்துக்குச் சபை தடை போடவில்லை. நடந்து போய்ப் பாசம் காட்டலாம் என்று விளக்கம் கொடுத்தது. முஹ்ஸினின் கோட்டு அவன் தோளை விட்டு இறங்கத் தொடங்கியது.

அப்போதும் சபைக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. கொழும்பு மாணவர்கள் எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று தெரியாமல் இந்த மாணவன் அதிகம் செலவழிக்கிறானா என்று எப்படிச் சொல்வது? ஆகவே மூவரும் உப குழுவாகி, ஹாஜியாரின் மோட்டார் காரில் கொழும்புக்குப் போய், கடலைப் பார்த்த ஹோட்டலில் ஒரு வாரம் தங்கி ஆராய்ந்தார்கள். திரும்பி வந்து இராமசாமி அறிக்கை வாசித்தார். கொழும்பில் காற்று நன்றாக இருக்கிறது. மீன் பொரியல் சிறப்பு. கல்லூரி விடுமுறையானதால் மாணவர் எவரையும் சந்திக்க வசதிப்படவில்லை. ஆயினும், சந்தித்திருந்தால் அவர்கள் வீண்செலவுக்காரர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது குழுவின் ஒருமித்த அபிப்பிராயம்.

அந்தப் பயணத்தால் நிதியில் துண்டு விழுந்தது. துண்டு விழுந்ததால் முஹ்ஸினின் முப்பது ரூபாய் பதினைந்தாயிற்று. பதினைந்து ரூபாயில் வாழும் ஒருவன் தவறான வழியில் போய்விடக்கூடும் என்ற கவலையும் உடனே பிறந்தது. அவனைக் கண்காணிக்க நாற்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு சிக்கன மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டார்.

மேற்பார்வையாளர் பாறூக், ஹாஜியாரின் மருமகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரையொருவர் கைவிட்டிருந்தார்கள். மாமனார் வீட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தவனை எழுப்பி, மாணவன் தங்கியிருந்த வீட்டிலேயே கொண்டு வந்து விட்டார்கள்.

அது கடைவீதிக்குப் பின்னால் லதீபா ராத்தாவின் வீடு. புருஷன் மௌத்தான பிறகு இரண்டொருவருக்கு இடமும் சாப்பாடும் கொடுத்துக் காலம் தள்ளுகிறவள். முஹ்ஸின் வாடகை பாக்கி வைத்திருந்தான். அவளும் நெருக்கிக் கேட்காமல் இருந்தாள். பாறூக் வந்ததும் சட்டியில் கோழி வேகத் தொடங்கியது. மேற்பார்வையாளரின் சாப்பாட்டை மாணவனின் பணத்தில் கழிப்பது என்று ஏற்பாடு. முஹ்ஸினுக்குப் பருப்பும் கருவாடும். பாறூக் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வான்.

"நீங்க எத்தின தரம் சோறு போடுறீங்கன்னு பாக்கத்தான் நான் பக்கத்தில இரிக்கிற," என்று எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொல்வான். "எனக்கும் இது கஷ்டமான வேலதான்."

லதீபா அகப்பையோடு வாசலில் நிற்பாள். "கஷ்டந்தான் மாப்புள. ஒரு ஆள்ட வயித்தப் பாக்க இன்னொரு ஆளு இவ்வளவு திங்க வேண்டி ஈக்கிதே."

பாறூக்குக்கு அது பாராட்டாகவே கேட்டது.

மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுக்கொழுந்து விட்டன. வெள்ளை நோய் பார்க்க அதுதான் காலம். ஒரு காலையில் முஹ்ஸின் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கருப்பாயி என்று பெயர். மெலிந்த முகம், தலையை மூடி முதுகில் தொங்கும் சாக்குக் கொங்காணி.

"ஐயா, அந்தப் படிக்கிற புள்ள நீங்கதானா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சம்பளத்துல மாசாமாசம் படிப்புக் காசுன்னு பிடிக்கிறாங்கள்ல. இப்ப பிடிக்கிறது பத்தலையாம். படிக்கிற புள்ள தெனமும் கோழி கேக்குது, இன்னும் கொஞ்சம் கூடப் பிடிக்கணும்னு காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கங்காணியார் சொன்னாரு." அவள் குரலில் கோபம் இல்லை. "வயசுப் புள்ள, தின்னட்டும், நாளைக்குப் பெரிய ஆளா வரட்டும்னு நாங்களும் சொல்லிக்கிட்டோம். ஆனா பாத்தா நீங்க என்னாங்க, எங்க புள்ளைகளவிட நோஞ்சானா இருக்கீங்க?"

இதுநாள் வரை அந்தப் பணம் என்று முஹ்ஸின் நினைத்தது வேறு; பெரிய மனிதர்களின் சட்டைப் பையிலிருந்து வருவதாகத்தான் நினைத்திருந்தான். கிட்டங்கிச் சுவரில் கொடையாளிகள் என்று அவர்கள் பெயர்தானே பொன் எழுத்தில் இருந்தது! பறித்த கொழுந்தை எங்கே வைத்தோமென்று மறந்து மலையிறங்கினான்.

அடுத்த ஞாயிறு சபை முன் இரண்டு விஷயம் கேட்டான். லண்டனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பும் கெடு நெருங்கிவிட்டது. பரீட்சைப் பணம் கட்டாவிட்டால் ஒரு வருஷ உழைப்பு வீண். அந்தப் பணத்தைச் சபை தருமா? இரண்டாவது, தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் ஏன் பிடிக்கிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு நல்லையா முந்திக்கொண்டார். "கூலிக்காரன் கையில காசு இருந்தா கள்ளுக்குப் போகும் தம்பி. நாங்க பிடிச்சா கல்விக்குப் போகுது. அவன் குடிக்காம இருக்கணும்னு நாங்க படுற பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே எதிரிலிருந்த இஞ்சி பீரைத் திறந்தார்.

முதல் கேள்வியை ஹாஜியார் எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு ஒரு பட்டம் ஏற்கனவே ஈக்கிதில்லயா? ஒரு ஆளுக்கு ரெண்டாவது பட்டம் என்னத்துக்கு மகன்? ஒரு குடை ஈக்கிறவன் இன்னொரு குடையும் சேத்துப் பிடிக்கிறதா? சிக்கனத்தப் படிக்க வந்துட்டு இப்பிடி ஆசப்படலாமா?"

"நான் சிக்கனத்தப் படிக்க வரல்ல ஹாஜியார். ரப்பர் நோயைப் படிக்கத்தான் வந்த."

"அதுதான் உங்கட்ட உள்ள நோய்," என்றார் ஹாஜியார் இரக்கத்தோடு.

முஹ்ஸின் துருக்கித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "அப்ப உங்கட உபகாரம் எனக்கு வேணாம். நான் ஊருக்குப் போற," என்று சொல்லிவிட்டு மரப்படிகளில் இறங்கினான். மேலே எவரும் பதறவில்லை. ஒரு மாணவன் தானாகவே விலகுவதைவிடப் பெரிய சிக்கனம் என்ன இருக்கிறது என்று ஹாஜியார் பிசைந்த சோற்றோடு சொன்னார்.

கோழிக்காலைப் பாதி கடித்த நிலையில் இராமசாமிக்குத்தான் மூளை விழித்தது.

"ஐயோ ஹாஜியார்! அடுத்த வாரம் ஆண்டு விழா. துரை தன் கையால மாணவனுக்குப் பரிசு குடுக்க வர்றாரு. மாணவன் எங்கன்னு கேட்டா யாரக் காட்டுறது?"

"பாறூக்கக் காட்டினா?"

"துரை இங்கிலீஷ்ல பேசுவாரே!"

பிரியாணி அப்படியே கிடந்தது. சபையின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

மூவரும் லதீபா வீட்டு வாசலுக்கு வந்தபோது முஹ்ஸின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பேசவிடாமல் லதீபா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"புள்ள நிக்கிறதா போறதான்னு பொறகு பாப்போம். அவர்ட வாடக பாக்கி ஈக்கிது. உங்கட மருமகன் தின்ட கோழிட காசு ஈக்கிது. லண்டனுக்குக் கட்டுற சல்லி ஈக்கிது. எல்லாத்தயும் இந்தத் தட்டில வெச்சிட்டுப் பேசுங்க."

"சபையக் கூட்டித் தீர்மானம் போட்டுத்தான்..." என்று இராமசாமி தொடங்கினார்.

"கூட்டுங்க, கூட்டுங்க. பஸ் வார நேரமாகிட்டு."

தீர்மானம் இல்லாமல், உப குழு இல்லாமல், ஹாஜியாரின் இடுப்புவாரிலிருந்து பணம் வெளியே வந்தது. சபை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சொந்தக் கையால் கொடுத்த முதல் பணம் அதுதான். அதைத் தட்டில் வைக்கும்போது அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது.

"மேடையில வந்து நிப்பீங்கதானே?" என்று கேட்டார்.

"நிப்பேன்," என்றான் முஹ்ஸின். லண்டனுக்குரிய பணத்தை மறுநாளே தபால் கந்தோரில் கட்டினான்.

விழா நாளன்று கிட்டங்கி முன்றலில் பந்தல். துரை நடுவில். தோட்டத்து ஆட்களைப் பாதிநாள் சம்பளத்தை வெட்டி அழைத்து வந்து வெயிலில் உட்கார வைத்திருந்தார் கங்காணி. கோயில் மேளக்காரர்கள் ஒரு பக்கம்.

ஹாஜியார் தலைமையுரை ஆற்றினார். "கனம் துரை அவர்களே! கொடுப்பது எவராலும் முடியும். கொடுக்காமல் காப்பது சிலரால்தான் முடியும். இந்த மாணவருக்கு நாங்கள் கொடுத்தது கொஞ்சம்; கொடுக்காமல் காத்தது மிக அதிகம். அவர் பசித்திருந்தபோதெல்லாம் அவர் பசியைப் பற்றி நாங்கள் கூடிப் பேசினோம். பேசாமல் ஒரு வேளைகூட நாங்கள் உண்டதில்லை!"

கைதட்டல் அடங்கியதும் முஹ்ஸின் எழுந்தான். துரை முகத்தைப் பார்த்து, இங்கிலீஷில், நடந்ததை நடந்தபடி சொன்னான். சவுக்காரம், நிலவு, கொழும்புப் பயணம், மேற்பார்வையாளர் தின்ற கோழி, எல்லாவற்றுக்கும் கூலிக்காரர் சம்பளத்தில் பிடித்த காசு, ஒன்றும் விடவில்லை. கூட்டத்தாருக்கு விளங்கும்படி இராமசாமி பக்கத்தில் நின்று தமிழில் பெயர்த்தார்.

"சபை என்னைச் சுத்தமாக வைத்திருந்தது என்கிறார்... நிலவைப்போல் ஒளி தந்தது என்கிறார்... கோழி தன் குஞ்சைக் காப்பதுபோல் காத்தது என்று நன்றி சொல்கிறார்..."

முஹ்ஸின் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தமிழிலேயே, உரக்கத் தொடங்கினான். "நான் அப்பிடிச் சொல்லல! உங்க சம்பளத்துல படிப்புக் காசுன்னு பிடிக்கிறாங்களே, அந்தக் காசு..."

நல்லையா மேளக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினார். தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாகப் பாய்ந்தன. முஹ்ஸினின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் எங்கும் போகவில்லை. முன்வரிசையில் இருந்த கருப்பாயி மட்டும் பாதி எழுந்து, காதருகே கையை வைத்துக் கேட்க முயன்றாள். கங்காணி பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

துரைக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் நேராகவே கேட்டிருந்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்து இராமசாமியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"இந்தச் சம்பளப் பிடிப்பினால் தோட்டத்துக்கு ஏதாவது செலவு உண்டா?"

"ஒரு சதமும் இல்ல தொரே."

"அப்படியானால் அருமையான சபை," என்று சொல்லி, முஹ்ஸினின் கையைக் குலுக்கி, ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்தார். ஹாஜியாருக்கு அடுத்த வருஷத்து அரிசிக் காண்ட்ராக்ட் அங்கேயே உறுதியாயிற்று.

முஹ்ஸின் அன்று மாலையே ஊரை விட்டான். கிண்ணத்தை லதீபாவிடம் கொடுத்தான். அவள் அதைக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வைத்துக்கொண்டாள். சில மாதங்களில் லண்டனிலிருந்து பட்டம் வந்தது. கொழும்புக் கல்லூரி ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆனால் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு தடவையும், கொங்காணிக்குள் இருந்த அந்த முகம் அவன் கையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வருஷம், என்ன செய்யலாமென்று சரியாகத் தெரியாமலே, புளத்கொகுபிட்டியவுக்கு பஸ்ஸேறினான்.

முதலில் தோட்டத்துக்குப் போனான். கருப்பாயியின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள், அவள் பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள் என்று லயத்தில் சொன்னார்கள். கடைசிச் சம்பளத்திலும் படிப்புக் காசு பிடித்துத்தான் அனுப்பினார்களாம்.

திரும்பிக் கடைவீதிக்கு வந்தபோது கிட்டங்கி மேல்மாடியில் ஒரே வெளிச்சம். படியடியில் பாறூக் புதுக் கோட்டுப் போட்டு, தொப்பையைத் தாங்கி நின்றான். மேலேயிருந்து இராமசாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இந்த ஆண்டில் நமது சபை தன் லட்சியத்தின் சிகரத்தை எட்டியது. மாணவர் எவருமே இல்லாதபடியால் மாணவர் செலவு ஒரு சதமும் இல்லை. இந்த வெற்றியைக் காப்பாற்றுவதற்காகத் தொழிலாளரின் படிப்புக் காசைச் சற்றே உயர்த்துவதென்றும், மேற்பார்வையாளருக்கு ஓர் உதவியாளரை நியமிப்பதென்றும்..."

கைதட்டல் மீதியை மூடிவிட்டது.

பாறூக் அவனை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தான். "அட, நீங்களா! நல்ல நேரத்தில வந்தீங்க. அந்த உதவியாளர் வேலைக்கு ஆள் தேடுறாங்க. படிச்ச ஆளா ஈந்தா நல்லம்னு மாமா சொன்ன. உங்களுக்குச் சபையப் பத்தியும் எல்லாம் தெரியுமே."

"மாணவனே இல்லயே," என்றான் முஹ்ஸின். "யாரை மேற்பார்வை செய்யிறது?"

பாறூக் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தான். மேலே பிரியாணிச் சட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது.

"என்னையத்தான்," என்றான்.